மஞ்சள் சேர்க்காத களிம்பு

நயா பைசா புழக்கத்துக்கு வந்து, பழைய அணாவும் அதுவும் ஒரே சுருக்குப்பையில் கிடந்து எங்களைக் குழப்பிக்கொண்டிருந்த காலம் அது. அதற்குப் பின் வந்த முதல் மார்கழி. ஆகவே 1957 டிசம்பர் என்று வருடத்தை நிச்சயமாகச் சொல்லலாம். நாளைச் சொல்ல முடியாது. எனக்கு நடந்தவற்றை எல்லாம் இப்படி வேறொன்றோடு முடிச்சுப் போட்டுத்தான் காலம் கணிப்பது வழக்கம். ராஜாக்களின் பட்டாபிஷேகத்துக்குத் தேதி எழுதிவைக்க ஆளிருந்தது. கை வெடிப்புக்கு யார் எழுதிவைப்பார்கள்?

அந்த வருடம் ஆவணியில்தான் கல்யாணமாகிச் சூலூரிலிருந்து சிங்காநல்லூருக்கு வந்திருந்தேன். லைன் வீடு. ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாக ஆறு குடித்தனம், முன்னால் நீளமாகச் சிமென்ட் வாசல், கோடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். என் வீட்டுக்காரர் டவுனில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தார். எழுத்துப்பிழை பார்த்துப் பார்த்து, சாம்பாரிலும் பிழை பிடிக்கப் பழகிவிட்ட மனிதர். ஆனால் படிக்க நிறையக் கொண்டுவந்து போடுவார். அச்சகத்துக்கு வரும் வாரப் பத்திரிகைகள், அட்டை போன புத்தகங்கள், வாசகசாலையில் எடுத்தவை என்று எதுவாக இருந்தாலும் நான் முதல் பக்கத்திலிருந்து விளம்பரம் வரை விடமாட்டேன்.

அடுத்த வீட்டில் ஓர் அம்மாள் தனியாக இருந்தார். கொடுமுடிப் பக்கத்துக்காரர், வயது முப்பத்தைந்து இருக்கலாம். பக்கத்துப் பஞ்சு மில்லில் ரீலிங் பகுதியில் வேலை. கதிரில் வரும் நூலைச் சுற்றிச் சிட்டம் சிட்டமாக எடுக்கிற இடம் அது. அவருடைய கணவர் எஸ்டேட் வேலை என்று வால்பாறைக்கு மலையேறிப் போனவர், திரும்பி வரவும் இல்லை, தகவல் அனுப்பவும் இல்லை. போய் எத்தனை வருடம் என்று நான் கேட்டதில்லை. மாதத்தையும் வருடத்தையும் துருவிக் கேட்கிற என் குணம் அந்த ஒரு வாசலில் மட்டும் நின்றுபோகும். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னை அம்மணி என்பார், பிரியம் மிஞ்சினால் கண்ணு.

கோயமுத்தூரின் மார்கழிக் காற்றில் குளிர் இருக்கும், ஈரம் இருக்காது. ஆடியில் பாலக்காட்டுப் பக்கமிருந்து சாரலோடு வருகிற காற்று வேறு, இது வேறு. உதடும் குதிகாலும் எல்லோருக்கும் வெடிக்கும். அக்காவுக்கோ விரல்நுனிகள் வெடித்தன. நாள் முழுக்கப் பஞ்சுத்தூசியிலும் நூலிலும் புழங்கும் கை அல்லவா? நூல் தோலிலிருக்கும் கொஞ்சநஞ்ச எண்ணெயையும் குடித்துவிடுகிறது. கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் கத்தியால் கீறியதுபோல் கோடுகள். அறுந்த நூலைப் பிடித்து முடிச்சுப் போடும்போது கோடு வாய் திறந்து ஒரு பொட்டு ரத்தம் வெள்ளைச் சிட்டத்தில் படிந்துவிடும்.

இரண்டு தடவை அப்படிப் படிந்துவிட்டது. இரண்டாம் தடவை மில் மேஸ்திரி சொல்லிவிட்டாராம்.

"'இன்னொருக்கா நூலுல ரத்தம் பட்டா, என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க அம்மணி, வேலையிலிருந்து நின்னுக்க வேண்டியதுதானுங்க'ன்னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். "நம்மூருல கழுத்தை அறுத்தாலும் 'சித்தெ தலையைச் சாச்சுக்கறீங்களா'ன்னு கேட்டுப்போட்டுத்தான அறுப்பாங்க."

சிரித்தாலும் விஷயம் சிரிப்புக்குரியதல்ல. மில் வேலை போனால் வாடகை கிடையாது. வாடகை இல்லாவிட்டால் கொடுமுடிக்கு, அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அந்த வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தாலே அவர் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

எண்ணெய் தடவினால் என்ன என்று தோன்றும். அதுதான் கூடாது. தேங்காயெண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவின கையோடு நூலைத் தொட்டால் எண்ணெய்க்கறை. ரத்தக்கறைக்குப் பதில் எண்ணெய்க்கறை என்றால் மேஸ்திரிக்கு இரண்டும் ஒன்றுதான். இரவில் தடவி, காலையில் சீயக்காய் போட்டுக் கழுவிக்கொண்டு போனால் தோல் மறுபடியும் ஓலைபோல் காய்ந்துவிடும். தோலுக்குள் இறங்க வேண்டும், மேலே நிற்கக் கூடாது. அப்படி ஒன்று வேண்டும்.

வாரப் பத்திரிகையின் மகளிர் பக்கத்தில் வீட்டிலேயே லோஷன் செய்வது பற்றி ஒரு குறிப்பைப் படித்திருந்தேன். பழைய கட்டைப் புரட்டித் தேடி எடுத்தேன். அதில் பாதாம் எண்ணெய் என்று போட்டிருந்தது. எங்களுக்குப் பாதாம் என்பது கல்யாணப் பாயசத்தில் தேடிப் பிடிக்கிற பொருள். அதற்குப் பதில் தேங்காயெண்ணெய் என்று முடிவு செய்தேன். தேன்மெழுகு வேண்டும், பன்னீர் வேண்டும். இரண்டையும் பெரிய கடை வீதியில் நாட்டு மருந்துக் கடையிலிருந்து என் வீட்டுக்காரர் வாங்கிவந்தார். மீதி ஒன்று எங்கள் குழாயடியிலேயே இருந்தது. யாரும் நட்டு வளர்க்காமல், வழிகிற தண்ணீரைக் குடித்துக் கொழுத்திருந்த சோற்றுக்கற்றாழை.

முதல் தடவை செய்தது மெழுகுவத்தியாக வந்தது. மெழுகு கூடிப்போய்விட்டது; கரண்டி நட்டால் நின்றது. இரண்டாவது தடவை எண்ணெய் மேலே, பன்னீர் கீழே என்று பிரிந்து நின்றது.

"மாமியாளும் மருமகளும் மாதிரி நிக்குது" என்றார் அக்கா.

மூன்றாவது தடவைதான் பக்குவம் பிடிபட்டது. அதை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். கற்றாழை மடலைச் சீவி, மஞ்சளாக வடிகிற பாலை முதலில் ஒழுகவிட வேண்டும், அது அரிக்கும். உள்ளே இருக்கிற சோற்றைப் பல தண்ணீரில் அலசி, மத்தால் கடைந்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் ஒரு கிண்ணத்தை இறக்கி, அதில் எண்ணெயும் சுண்டைக்காயளவு மெழுகும் போட்டு உருக்க வேண்டும். நேரடியாக அடுப்பில் வைத்தால் மெழுகு கருகிவிடும். கற்றாழைச் சாறும் பன்னீரும் இன்னொரு கிண்ணத்தில் அதே அளவுக்கு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒன்று சூடும் ஒன்று குளிர்ச்சியுமாகச் சேர்த்ததுதான் இரண்டாம் தடவை செய்த தப்பு. பிறகு சாறைச் சொட்டுச்சொட்டாக விட்டுக்கொண்டே, ஆறும்வரை கை விடாமல் கடைய வேண்டும். முதலில் மோர் மாதிரி நுரைக்கும். கை ஓய்கிற நேரத்தில், இனி வராது என்று நினைக்கிறபோது, திடீரென்று எல்லாம் வெளுத்துத் திரண்டுவிடும். வெண்ணெய் திரளுவதை நூறு தடவை பார்த்தவள்தான் நான். இருந்தும் இது திரண்டபோது கூவிவிட்டேன்.

சோதித்துப் பார்க்க என் வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியை எடுத்தேன். கையில் களிம்பைத் தடவி, சிறிது நேரம் விட்டு, வேட்டியின் ஓரத்தை அழுத்திப் பிடித்தேன். ஒரு சுவடும் இல்லை.

"இங்க இன்னொரு மில்லு ஆரம்பிச்சிருக்கறாங்க போல" என்றார் அவர், வேட்டியைப் பறித்துக்கொண்டு. "அதுக்கு நான்தான் முதல் நூல்."

களிம்பை ஊறுகாய் ஜாடியில் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அக்கா திறந்து பார்த்தார், முகர்ந்து பார்த்தார். முகத்தில் சந்தோஷம் இருந்தது. ஆனால் தொடவில்லை.

"வெள்ளை வெளேர்னு இருக்குது கண்ணு. மஞ்சள் போடலையா?"

"பத்திரிகையில போடலீங்க அக்கா."

"அவங்க போடாட்டி என்ன? மஞ்சள் இல்லாம ஒரு மருந்தா? நான் மஞ்சள் வெளையற ஊர்க்காரி. இருங்க." உள்ளே போய் விரலி மஞ்சளைக் கல்லில் உரசி வழித்துக்கொண்டு வந்து, தானே களிம்பில் போட்டுக் குழைத்தார். நானும் ஒத்தாசையாகக் கிண்டினேன். சரிதானே என்றுதான் எனக்கும் பட்டது. புண்ணுக்கு மஞ்சளைவிட மருந்து ஏது? களிம்பு சாமந்திப் பூ நிறத்துக்கு வந்த பிறகுதான் அவர் விரலால் தொட்டு எடுத்தார்.

மஞ்சள் சேர்த்த பிறகு வெள்ளைத் துணியில் மறுபடியும் தேய்த்துப் பார்க்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. இதை நான் பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். மூன்று தடவை செய்து பார்த்தவள், வேட்டியைப் பாழாக்கவும் துணிந்தவள், அந்த இடத்தில் ஏன் விட்டேன்? காரணம் எளியது. மஞ்சளைக் கறையென்று நாங்கள் நினைத்ததே இல்லை. புதுத்துணி எடுத்தால் ஓரத்தில் மஞ்சள் வைத்துவிட்டுத்தான் உடுத்துவோம். மஞ்சள் படாத துணிதான் எங்களுக்குக் குறையுள்ள துணி.

சில நாள் எல்லாம் நன்றாகவே போயிற்று. அக்கா இரவில் தடவிக்கொண்டு காலையில் கழுவிவிட்டுப் போனார். கோடுகள் மூட ஆரம்பித்தன. ஒருநாள் விடியற்காலை நல்ல பனி. பாத்திரம் கழுவியதில் கட்டைவிரல் மறுபடி சுரீரென்றிருக்கிறது. ரத்தம் வந்துவிடப் போகிறதே என்ற பயத்தில், கிளம்புகிற நேரத்தில் களிம்பைத் தாராளமாகப் பூசிக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பொழுதோடே, நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது அடுத்த வீட்டு வாசலில் ஆண்குரல் கேட்டது.

"ஏனுங்க அம்மணி, உள்ள இருக்கறீங்களா?"

மேஸ்திரி. ஐம்பது வயதிருக்கும், சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, கக்கத்தில் செய்தித்தாள் பொட்டலத்தோடு நின்றார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அக்கா அவருக்கு மணை எடுத்துப் போட்டார், அவர் உட்காரவில்லை.

"நாளைக்குச் சூப்பர்வைசர் மேசையில இதை நான் வெச்சாகோணுமுங்க. அதுக்கு முந்தி உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடலாம்னு வந்தேன். நீங்களும் தப்பா நினைச்சுக்கக் கூடாது பாருங்க." பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு நூல் சிட்டம். அதில் உள்ளங்கை அகலத்துக்குச் செந்திட்டு.

"ரத்தமில்லீங்க அது" என்றார் அக்கா. "கைக்குப் பூசின களிம்புன்னு மில்லுலயே சொன்னேன்."

"அம்மணி, எனக்கும் கண்ணிருக்குதுங்களே."

நடந்தது இது. சிட்டத்தில் தன் விரல் மஞ்சளாகப் பதிந்திருப்பதைப் பார்த்துப் பதறிய அக்கா, யாரும் பார்ப்பதற்குள் மில் குழாயடிக்குக் கொண்டுபோய்த் துணி சோப்பைப் போட்டுக் கசக்கியிருக்கிறார். சோப்பு பட்டதும் மஞ்சள் சிவந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மேஸ்திரி வந்துவிட்டார். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆரத்தி கரைக்கிற எந்தப் பெண்ணும் பார்த்த உடனே புரிந்துகொண்டிருப்பாள். ஆனால் ஆரத்தியைத் தலை குனிந்து ஏற்றுக்கொள்வதுதான் ஆண்கள் வழக்கம். கரைப்பதை யார் நின்று பார்த்தார்கள்?

அக்கா என்னைப் பார்த்தார். என் கையிலிருந்து இன்னும் புளித்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். மறு நிமிடம் என் சமையலறைக்குள் போய், ரசத்துக்குக் கரைத்த புளித்தண்ணீரைக் கிண்ணத்தோடு கொண்டுவந்துவிட்டார்.

"அந்த நூலைக் குடுங்க."

"அட, என்னங்க பண்ணறீங்க? அது சூப்பர்வைசருக்கு..."

"குடுங்கன்னா."

சிட்டத்தின் நுனியை அவர் புளித்தண்ணீரில் முக்கி எடுத்தார். முக்கிய இடத்தில் மட்டும் சிவப்பு விலகி, மஞ்சள் வந்து நின்றது. மேஸ்திரி குனிந்தார். தானே வாங்கி, மீதியையும் முக்கினார். அதுவும் மஞ்சளானது.

"ரத்தம் புளிக்கு மஞ்சளாகுமுங்களா?" என்றார் அக்கா. "உங்கூட்டுல ஆரத்தி சுத்தறதில்லையா? போயி உங்கம்மணியைக் கேளுங்க."

மேஸ்திரி சிட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மணையில் உட்கார்ந்தார். "ரத்தமில்ல. ஒத்துக்கறனுங்க. பெரிய தப்பு நடந்திருக்கும்." சிட்டத்தைப் பிழிந்தார். "ஆனா அம்மணி, ரத்தமோ மஞ்சளோ, வெள்ளை நூலு வெள்ளையாத்தான இருக்கோணும்? மஞ்ச நூலை எவன் வாங்குவான்? இதை நான் சூப்பர்வைசருக்குக் காட்டலீங்க, இந்த ஒருக்கா. நாளைக்கு வாரப்போ கையில நிறமே இருக்கக் கூடாது. வெள்ளைத் துணியில துடைச்சுப் பார்த்துப்போட்டுத்தான் உள்ள விடுவேன். அதுல மஞ்சள் வந்தா, மறுபடியும் வந்து சொல்ற மாதிரி இருக்காது." எழுந்து போனவர் வேலியோரம் நின்று திரும்பினார். "ஏனுங்க, அந்தக் களிம்பு குதிகால் வெடிப்புக்குக் கேக்குமுங்களா? எங்கூட்டுல ரொம்ப நாளா..."

அவர் போன பிறகு நான் உற்சாகமாகவே இருந்தேன். இதென்ன கஷ்டம்? மெழுகு இருக்கிறது, கற்றாழை இருக்கிறது. "இப்பவே புதுசா பண்ணிப்போடலாங்க அக்கா, மஞ்சளே இல்லாம" என்றேன். கையில் ஏறிய நிறத்தைப் புளியும் சீயக்காயும் போட்டுத் தேய்த்தால் விடியற்காலைக்குள் போய்விடும்.

அக்கா மணையை எடுத்துச் சுவரில் சாய்த்தார். அது சரியாகத்தான் நின்றது. மறுபடியும் எடுத்துச் சாய்த்தார்.

"கண்ணு, போன ஐப்பசி நோம்பிக்கு எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருந்தனல்ல? எல்லாருக்கும் மஞ்சள் கொடுத்த நங்கையா, எம் பக்கம் வந்தப்போ கிண்ணத்தை அடுத்தவளுக்கு நகத்திப்போட்டா. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல. மரியாதைக்காரி." நோம்பி என்றது தீபாவளியை, நங்கையா என்றது அண்ணன் மனைவியை. "அவரு போயிட்டாருன்னு அவங்களா முடிவு பண்ணிப்போட்டாங்க. போனவரைப் பத்தி மலையிலிருந்து ஒருத்தரும் வந்து சொல்லல. சொல்லாத வரைக்கும் நான் மஞ்சள் பூசறவ. பூசிப் பூசித்தான் அந்த வாயை அடைச்சிருக்கறேன். நாளைக்கு மேஸ்திரி முன்னால வெறுங்கையை நீட்டறதுன்னா..."

அப்போதுதான் எனக்கு அந்த வெள்ளைக் களிம்பை அவர் ஏன் தொடவில்லை என்று விளங்கியது. மருந்துக்காக மட்டும் உரசிய மஞ்சள் அல்ல அது. எத்தனையோ புத்தகம் படித்திருந்தேன். இதற்குச் சொல்ல ஒரு வாக்கியம் அவற்றில் எதிலிருந்தும் எனக்கு வரவில்லை. வெள்ளைக் களிம்பு வேண்டாம் என்று நான் சொன்னால் அவருக்கு வேலை போகும், கொடுமுடிக்குப் போக வேண்டும், அந்த நங்கையாவின் கிண்ணத்தின் முன்னால் தினமும் உட்கார வேண்டும். வேண்டும் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? என் கழுத்தில் தாலிச்சரடு புது மஞ்சளோடு இருந்தது. சேலைத் தலைப்பை இழுத்து அதை மறைத்துக்கொண்டேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

கற்றாழை மடல்களை ஒடித்துக்கொண்டு வந்தது அவர்தான். சீவினார், அலசினார். நான் மெழுகை உருக்கினேன். அவர் கையில் கோடுகள் இன்னும் ஆறாததால் மத்தை நான் பிடித்துக்கொண்டேன். அவர் சாறைச் சொட்டுச்சொட்டாக விட்டார். திரண்டபோது இந்த முறை நான் கூவவில்லை. வெள்ளையாக, கிண்ணம் நிறைய.

"நல்லாத்தான் வந்திருக்குது" என்றார், வேறு யாரோ செய்ததைச் சொல்வதுபோல. பிறகு விரலில் தொட்டு எடுத்து இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டார். விரல் விரலாக, நகக்கண் வரைக்கும்.

மறுநாள் காலையில் நான் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அவர் முன்னதாகவே குளித்துவிட்டு உள்ளே போயிருந்தார். மில்லுக்குக் கிளம்பி வெளியே வந்தவர் எனக்கு முன்னால் கையை விரித்துக் காட்டினார். நான் துவைக்காமல் வைத்திருந்த வெள்ளைத் துண்டை எடுத்து, மேஸ்திரி செய்யப் போவதுபோலவே ஒவ்வொரு விரலாகத் துடைத்துப் பார்த்தேன். துண்டு வெள்ளையாகவே இருந்தது.

"சரிங்களா?"

"சரிங்க அக்கா."

"மேஸ்திரி கையைத்தான பார்ப்பாரு?" என்றார். "காலை ஒண்ணும் பார்க்க மாட்டாரே?"

குனிந்து பார்த்தேன். இரண்டு பாதத்திலும் கணுக்கால் வரைக்கும் மஞ்சள்; கையில் படாமல் துணியில் தொட்டுப் பூசியிருக்கிறார். கல்யாணப் பெண்ணுக்குப் பூசுகிற மாதிரி, தாராளமாக, இன்னும் ஈரம் காயாமல்.

அன்று மேஸ்திரி கையைத் துடைத்துப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். பொங்கல் வரைக்கும் தினமும் துடைத்தார். பிறகு அதுவும் நின்றது. அவர் வீட்டுக் குதிகாலுக்கும் ஒரு ஜாடி போயிற்று. நாங்கள் சோமனூருக்குக் குடிபெயர்ந்தது சீனச் சண்டைக்கு அடுத்த வருடம், ஆகவே 1963. அதுவரை ஒவ்வொரு மார்கழியிலும் அந்தக் களிம்பைச் செய்தோம், மஞ்சள் சேர்க்காமல். அவர் அதுவரை அந்த மில்லில்தான் இருந்தார். மலையிலிருந்து தகவல் வந்ததாக எனக்குத் தெரியாது.

எனக்கு நினைவில் நிற்பது அந்த முதல் காலைதான். அவர் வாசலைத் தாண்டிப் போகும்போது சிமென்ட் தரையில் மஞ்சளாகப் பாதச் சுவடுகள் விழுந்தன. என் துவைகல்லிலிருந்து சோப்புத் தண்ணீர் வழிந்து வாசலின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை மிதித்துக் கடந்து மில்லுப் பக்கம் நடந்தார். தண்ணீருக்கு இந்தப் பக்கம் இருந்த சுவடுகள் மஞ்சளாகவே இருந்தன. அந்தப் பக்கம் விழுந்தவை, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொன்றாகச் சிவந்தன.